மைல் முள் விளக்கும் பேர் பதியாத காலும்

மூக்குப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் எதுவும் தன்னிஷ்டத்துக்கு நடப்பதில்லை. கொழுந்து துளிர்ப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆபீசில் உத்தரவு வாங்க வேண்டும். கொழுந்துகூட, பெரிய கிளாக்கர் பேரின்பநாயகத்தின் ஜன்னலுக்கு எட்டாத உயரத்தில் துளிர்த்ததால்தான் தப்பித்தது. அப்படிப்பட்ட தோட்டத்தில், பெரிய துரையின் காரில் இருந்த ஒரு பல்பு யாரையும் கேட்காமல் அணைந்துபோனது.

பெரிய பல்பு ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்குக்கு எதிரே, கார் எத்தனை மைல் வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் முள்ளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சுண்டைக்காய் அளவுப் பல்பு. அப்படி ஒன்று இருந்ததே டிரைவர் ஆண்டியப்பனுக்கு அது அணைந்த பிறகுதான் தெரிந்தது. அவன் அந்த முள்ளை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்தவனில்லை. நோர்வூட்டுக்கு இறங்கும் தோட்டத்து ரோட்டில் இருபது மைல் வேகத்தைத் தாண்ட வேண்டுமென்றால் காரைப் பள்ளத்தாக்கில் உருட்டிவிட்டால்தான் உண்டு.

ஆனால் பெரிய துரை லீவில் சீமைக்குப் போகும்போது, தான் திரும்பி வரும்வரை கார் இருபது மைல் வேகத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேரின்பநாயகம் அந்த உத்தரவை நன்றாக ஊறவைத்து, அதிலிருந்து ஒரு குட்டி உத்தரவு பிறப்பித்தார். இருபதைத் தாண்டவில்லை என்று தெரிய முள் தெரிய வேண்டும். மூடுபனியில் முள் தெரிய விளக்கு எரிய வேண்டும். ஆகவே விளக்கு எரியாத கார், பனி இறங்கிவிட்டால் கொட்டகையை விட்டு வெளியே வரக்கூடாது. மூக்குப்பாறையில் பனி இறங்காத நேரம் எது என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

வேறு சமயமாக இருந்தால் ஆண்டியப்பன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சந்தோஷமாகப் படுத்திருப்பான். இப்போது முடியாது. அவன் மனைவி மீனம்மாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. போன பிரசவத்துக்கு அவளைத் தோட்டத்து லொறியில், தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகளுக்கு ஒரு சேதமும் இல்லை. பிள்ளைதான் தங்கவில்லை. பெட்டிகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைப் பற்றி ஆபீசில் திருப்தி தெரிவித்தார்கள்.

அதனால்தான் துரை சீமைக்குப் புறப்பட்ட அன்று, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் இந்தப் பிரசவத்துக்குக் காரைக் கேட்டுவிட்டான். துரை அன்று நல்ல குஷியில் இருந்தார். "ஓ, கார்ல கொண்டு போ" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மீனம்மா நாட்களை ஓட்டினாள்.

"லொறியில மட்டும் என்னைய ஏத்திராதீங்க. நடந்தே போனாலும் போவேன், அதுல ஏற மாட்டேன்" என்று அவள் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல்பு அணைந்ததும் ஆண்டியப்பன் தொழிற்சாலை பிட்டர் செல்லசாமியைக் கூட்டி வந்தான். செல்லசாமி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான், குனிந்து பார்த்தான், வெற்றிலையைத் துப்பினான்.

"மாத்துறது ஒண்ணும் பெரிய வேலையில்லண்ணே. ஆனா கை அங்க போவணும்னா நான் தலகீழாத் தொங்கணும். இதச் செஞ்ச மகராசன், டிரைவர ரெண்டா மடிச்சி வைக்கலாம்னு நெனச்சிட்டான் போல."

அவன் சொன்னது சரிதான். மல்லாந்து படுத்து, தலையைப் பெடல்களுக்கு அடியில் கொடுத்து, கையை மேல்நோக்கி நுழைத்தால்தான் பல்பு எட்டும். அப்படிச் செய்தால் கால்கள் போக வேறு இடமில்லை. சீட்டின் முதுகு வழியாக மேலே ஏறி, இடது பக்கம் துரை தலை சாய்க்கும் இடத்தில்தான் போய் நிற்கும். அந்த இடத்தில் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி ஒன்று, சீட்டின் முதுகுக்குப் பின்னாலும் தொங்கும்படி விரித்திருக்கும். துரை சீமையில் இருந்தாலும் அந்தத் துணியை வாராவாரம் வெளுத்துப் போடுவார்கள்.

செல்லசாமி தலையை உள்ளே விட்டுக் காலைத் தூக்கிய அந்த நேரம் பார்த்து, பேரின்பநாயகம் ஆபீஸ் ஜன்னலைத் திறந்தார்.

"எடேய்! காலை இறக்கடா!"

செல்லசாமி அதிர்ந்து எழ, தலை பெடலில் இடித்தது. பேரின்பநாயகம் குடையும் கையுமாக ஓடி வந்தார். மழை இல்லை, ஆனால் குடை இல்லாமல் அவர் ஆபீசை விட்டு வெளியே வந்ததாக யாரும் பார்த்ததில்லை.

"ஆரின்ர இடத்தில ஆரின்ர காலை வைக்கப் பாத்தனீங்கள்?"

"பல்பு மாத்தத்தானுங்க ஐயா" என்றான் ஆண்டியப்பன்.

"பல்ப் மாத்திறதை நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. மாத்தத்தான் வேணும். காலை வைக்காமல் மாத்து."

அவர் சொல்லி முடிப்பதற்குள், துரையின் நாய் ரெக்ஸ் எங்கிருந்தோ ஓடி வந்து, திறந்திருந்த கதவு வழியாகத் தாவி, துரையின் இடத்தில் உட்கார்ந்தது. மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து எழுந்த நாலு காலையும் வெள்ளைத் துணியில் துடைத்துக்கொண்டது. ஆண்டியப்பன் நாயைப் பார்த்தான். பிறகு கிளாக்கரைப் பார்த்தான்.

"ஐயா, நாயி..."

"அது துரையின்ர நாய். அதின்ர பேர் சம்பளம் போடுற செக்ரோலில இல்லை. செக்ரோலில பேர் பதிஞ்ச கால்களுக்குத்தான் சட்டம். பேர் பதியாத காலுக்கு நான் எந்தச் சட்டத்தைப் பிடிச்சுத் தடை போடுறது? உனக்கு விளங்குதோ?"

ஆண்டியப்பனுக்கு விளங்கவில்லை. விளங்கியது என்று தலையாட்டினான். தோட்டத்தில் அதுதான் வழக்கம்.

அந்த வாரமே ஆபீசில் கூட்டம் கூடியது. பேரின்பநாயகம் தலைமை. தோட்டத்து ரோடுகளையும் மலை வேலையையும் பார்க்கிற கண்டாக்கு சிவபாதம் ஒரு பக்கம், தொழிற்சாலையைப் பார்க்கிற டீமேக்கர் ஒரு பக்கம். ஆண்டியப்பனும் செல்லசாமியும் வாசலில் கைகட்டி நின்றார்கள்.

"பல்ப் சின்ன விசயம்" என்று தொடங்கினார் பேரின்பநாயகம். "கால் சின்ன விசயமில்லை. நான் எத்தினை வருசமா இந்தக் கந்தோரில இருக்கிறன்! ஒருநாளாவது துரையின்ர சீற்றில என்ர முகம் துடைக்கிற கைலேஞ்சியாவது பட்டிருக்கோ? இண்டைக்கு ஒரு பிட்டரின்ர கால் அங்க படுமெண்டால், இவ்வளவு காலமும் நான் தள்ளி நிண்டதுக்கு என்ன அர்த்தம்? நான் சும்மாவோ நிண்டனான்?"

கண்டாக்கு சிவபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்னொண்டையும் யோசிக்க வேணும். இந்தக் காலுகளுக்கு நாடு எது, இதுவோ கடலுக்கு அங்காலையோ? பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கினம், முடிவு வரேல்லை. நாடு தீராத காலைத் துரையின்ர சீற்றில வைச்சால், நாளைக்கு அந்தச் சீற் எந்த நாட்டுச் சீற் எண்டு கேள்வி வரும்."

செல்லசாமி தன் கால்களைக் குனிந்து பார்த்தான். அவை இவ்வளவு காலமும் மூக்குப்பாறையிலேயேதான் நின்றிருந்தன.

பிறகு தகுதியான கால்களைத் தேடினார்கள். டீமேக்கரின் கால்கள் அந்தஸ்தில் போதும் என்று முடிவாயிற்று. அவரும் பெருந்தன்மையோடு காருக்குள் இறங்கினார். தலையும் தோளும் போயின, தொந்தி ஸ்டீயரிங்கில் சிக்கிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுக்க முடிந்தது. பெரிய துரைக்குப் பதிலாக வேலை பார்த்த சின்ன துரையிடம் போய்க் கேட்டார்கள். காலை வைக்கத் தனக்கு ஆட்சேபனை இல்லை, தலையைப் பெடலுக்கு அடியில் கொடுக்கத்தான் முடியாது என்று அவர் சொல்லிவிட்டு டென்னிஸ் ஆடப் போனார். இதையெல்லாம் தொகுத்துப் பேரின்பநாயகம் தீர்மானம் எழுதினார்: தலை பிட்டருடையதாகவும் கால் துரையுடையதாகவும் உள்ள ஓர் ஆள் கிடைத்தால் உடனே நியமிக்கலாம்.

"ஐயா, எங்க வீட்டுல இன்னைக்கோ நாளைக்கோங்க" என்றான் ஆண்டியப்பன். "அந்த வெளக்கு எரியாட்டி என்னாங்க, நான் மொள்ள ஓட்டிக்கிட்டுப் போயிருவேனுங்க."

"மெல்லமாப் போறாய் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? முள்ளுத் தெரியாதே!" என்றார் பேரின்பநாயகம். "லொறி இருக்குத்தானே. லொறியில அந்த விளக்கே இல்லை. அதனால லொறி போகலாம்."

கால் விவகாரம் அட்டன் வரை பரவியது. அடுத்த நாளே தொழிற்சங்கப் பிரதிநிதி வீரய்யா வந்து இறங்கினார். அவர் வந்ததும் ஆண்டியப்பனுக்கு உயிர் வந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த மேட்டு லயத்து வாசலில் கூட்டம் சேர்ந்தது. பேரின்பநாயகம் ஒருபடி இறங்கி, காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிச் சாக்கில் சுற்றி வைக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீரய்யா அதைக் கேட்டுக் கொதித்தெழுந்தார்.

"தோழர்களே! கழுவச் சொல்றாங்க! கழுவின காலு அடிமைக் காலு! கவ்வாத்து மலையில நின்ன சேத்தோட, அட்டை கடிச்ச ரத்தத்தோட வைப்போம்! ஒரு சீட்டுல இல்ல, இந்த ஜில்லாவுல இருக்க அத்தன தொரைமாரு சீட்டுலயும் வைப்போம்!"

கைதட்டல் ஓய்ந்ததும் ஆண்டியப்பன் அவரிடம் போய், "கழுவியே வச்சிக்கிறோமுங்க. எம் பொஞ்சாதி நெறமாசமா இருக்காங்க" என்றான்.

வீரய்யா அவன் தோளில் கை போட்டார். "கொஞ்சம் பொறுங்க தோழரே. புள்ள எப்ப வேணா பொறக்கும். கோரிக்கை இப்பத்தான் பொறந்திருக்கு."

வேலைநிறுத்தம் வரும்போலிருந்ததால் இரண்டு தரப்பும் ஆபீசில் உட்கார்ந்து, டீ குடித்து, ஒரு சமரசத்துக்கு வந்தன. செல்லசாமி காலைத் தூக்கலாம். ஆனால் கால் சீட்டில் படக்கூடாது. இரண்டு பேர் ஆளுக்கொரு காலை அந்தரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது காலை நிர்வாகத்தின் சார்பில் ஒரு கங்காணியும், வலது காலைச் சங்கத்தின் சார்பில் ஒரு தலைவரும் பிடிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள்.

தோட்டமே கொட்டகை வாசலில் நின்று பார்த்தது. செல்லசாமி தலையை உள்ளே விட்டான். கால்கள் எழுந்தன, பிடிக்கப்பட்டன. இடது கால் சீட்டுக்குக் கிட்டே வந்துவிடுமோ என்று பயந்து கங்காணி அதைத் தன் பக்கம் இழுத்தார். நிர்வாகம் இழுக்கிறது என்று பார்த்ததும் சங்கத் தலைவர் விட்டுக்கொடுக்காமல் தன் பக்கம் இழுத்தார்.

"ஐயோ சாமி, கிழியுது!" என்று உள்ளேயிருந்து செல்லசாமி அலறினான். புது பல்பு அவன் கையிலிருந்து நழுவி உருண்டு, கானில் விழுந்து உடைந்தது. செல்லசாமி இரண்டு நாள் காலை அகட்டி அகட்டி நடந்தான். பேச்சுவார்த்தை வெற்றி என்று இரண்டு தரப்பும் தனித்தனியாக அறிவித்தன. அடுத்த பல்பைக் கொழும்புத் தலைமை ஆபீசில் கேட்டு வாங்குவது என்று முடிவாயிற்று.

மீனம்மாவுக்கு வலி கண்டது பல்பு உடைந்த மறுநாள் பிற்பகல், பனி லயத்துக் கூரைவரை இறங்கியிருந்தபோது. மருத்துவச்சி வீரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"இங்க வச்சிப் பாக்க முடியாது தம்பி. புள்ள திரும்பிக் கெடக்கு. டிக்கோயாவுக்குக் கொண்டு போயிரு."

ஆண்டியப்பன் கொட்டகைக்கு ஓடினான். காரை அவன் வெளியே எடுத்தபோது பேரின்பநாயகம் குடையை விரித்தபடி குறுக்கே வந்து நின்றார்.

"விளக்கு எரியுதோ?"

"இல்லீங்க."

"அப்ப கார் போகாது. சட்டத்தை நான் செய்யேல்லை."

அந்தச் சட்டத்தைச் செய்தவர் அவரேதான். ஆண்டியப்பனுக்கு அப்போது அதுகூட ஞாபகம் வரவில்லை. லொறியும் தேயிலைப் பெட்டிகளும்தான் ஞாபகம் வந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஐயாவைப் பார்த்து ஹாரன் அடித்தான். பேரின்பநாயகம் குடையோடு சேர்ந்து தேயிலைச் செடிக்குள் ஒதுங்கினார்.

பின் சீட்டில் வீரம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த மீனம்மா, வலி வரும்போதெல்லாம் முன் சீட்டின் முதுகில் காலை ஊன்றி உந்தினாள். பனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆண்டியப்பன் தலையை வெளியே நீட்டி ரோட்டைத் தேடித் தேடி ஓட்டினான்.

"முருகா, இந்தப் புள்ளையவாவது குடுத்துரு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனான். பெரிய வளைவில் சக்கரம் ஒரு பள்ளத்தில் தொபுக்கென்று விழுந்து எழுந்தது. கார் முழுக்கக் கடகடத்தது. அவன் கண்ணெதிரே மைல் முள்ளுக்குப் பின்னால் மஞ்சளாக வெளிச்சம் வந்தது.

பழைய பல்பு கெட்டுப்போகவே இல்லை. லேசாகக் கழன்றுதான் இருந்திருக்கிறது. கார் எட்டு மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

டிக்கோயாவில் பெண் பிள்ளை பிறந்தது. தலை திரும்பி, கால் முதலில் வந்தது என்று நர்சம்மா சொன்னாள். தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்டபோது ஆண்டியப்பன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். அழுது முடித்த பிறகுதான் ஆபீஸ் நினைவு வந்தது.

விசாரணை மறுநாள் காலை. காரைக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் நிறுத்தச் சொன்னார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் சேறு படிந்த ஒரு கால் அடையாளம் தெளிவாகத் தெரிந்தது.

"விளக்கு எரியுது" என்றார் பேரின்பநாயகம், சாவுச் செய்தி சொல்கிற குரலில். "ஆர் எரியச் சொன்னது?"

"தானா எரிஞ்சிச்சுங்க ஐயா. பெரிய வளைவுல பள்ளத்துல விழுந்துச்சு, எரிஞ்சிருச்சு."

"பள்ளமோ?" என்று கண்டாக்கு சிவபாதம் எழுந்தே விட்டார். "என்ர ரோட்டிலயோ? பள்ளம் ஒண்டும் இல்லையெண்டு நான் கொழும்புக்கு எழுதிக் குடுத்திருக்கிறன். எழுத்தில இல்லாத பள்ளத்தில கார் எப்பிடி விழும்?"

"ஆகவே பள்ளம் இல்லை" என்றார் பேரின்பநாயகம். "சீற்றில கால் வைக்காமல் அந்த விளக்கு எரியாது எண்டு நாங்கள் கூட்டம் வைச்சுத் தீர்மானிச்சிருக்கிறம். இப்ப விளக்கு எரியுது. ஆகவே கால் வைச்சிருக்கு. இந்தா அடையாளமும் கிடக்கு."

செல்லசாமியின் காலை வைத்து அளந்தார்கள். அவன் கால் பெரிது. அடையாளத்தில் ஐந்து விரலும் இருந்தன, மருத்துவச்சியின் காலில் ஒரு விரல் இல்லை. பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது மீனம்மாவின்ர கால். அவளின்ர பேர் செக்ரோலில இருக்கு. அப்ப இது தோட்டத்துக் கால். துரை தலை வைக்கிற இடத்தில தோட்டத்துக் கால்! ஆண்டியப்பன், உன்ர வேலையும் முடிஞ்சுது, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் முடிஞ்சுது. பொழுதுபடுறதுக்குள்ள சாமான்களைத் தூக்கு."

பிறந்த பிள்ளையைக் கொண்டுவந்து எங்கே கிடத்துவது என்பதுதான் ஆண்டியப்பன் மனதில் முதலில் வந்தது. வீரய்யாவைத் தேடினான், அவர் வெற்றி விழாக் கூட்டத்துக்குத் தலவாக்கலை போயிருந்தார். அப்போது கிளாக்கரின் மேசைக்குக் கீழே, அவருடைய சப்பாத்துமேல் நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்த ரெக்ஸ் அவன் கண்ணில் பட்டது.

"ஐயா, அது மீனம்மா வச்ச காலு இல்லீங்க."

"பின்னை ஆர் வைச்சது?"

"புள்ளைங்க. உள்ளருந்து அதுதான் உந்துச்சு. அது உந்துன உந்துலதான் இவ காலு அங்கன போச்சு. காலு இவளோடதுதான். வச்சது அதுங்க."

பேரின்பநாயகம் கண்டாக்கைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றான் ஆண்டியப்பன், மேசைக்குக் கீழே தூங்கும் நாயைக் காட்டி. "பேர் பதியாத காலுக்குச் சட்டம் இல்லன்னு. அதுக்கு இன்னும் பேரே வைக்கலீங்க."

பேர் பதியாத காலுக்கும் சட்டம் உண்டென்றால் நாயையும் சீட்டிலிருந்து இறக்க வேண்டிவரும். நாயை இறக்கத் துணிந்த கிளாக்கர் அந்த மலைப்பிரதேசத்திலேயே இல்லை. கடைசியில் பேரின்பநாயகம் பேனாவை எடுத்து, பேர் பதியாத கால் ஒன்றினால் சீட்டு அழுக்கானது, அதன்மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லை என்று எழுதினார். எழுதியதும் அவருக்கு மனம் லேசானது போலிருந்தது. துணியை வெளுக்கப் போடச் சொன்னார்.

ஆண்டியப்பன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

"நில். விளக்கு இருக்கே!" என்றார் பேரின்பநாயகம். "கொழும்பிலயிருந்து அனுமதி வரேல்லை. அனுமதி வராமல் எரியிறது பிழை. அணைச்சுப்போட்டுப் போ."

"எப்புடிங்க அணைக்கிறது?"

"பல்பைக் கழட்டு."

"கழட்டணும்னா, ஐயா..." என்று ஆண்டியப்பன் இழுத்தான்.

செல்லசாமி சத்தமில்லாமல் வாசலைத் தாண்டி, காலை அகட்டிக்கொண்டே ஓடினான். டீமேக்கர் தொந்தியைத் தடவிக்கொண்டார். பேரின்பநாயகம் திங்கட்கிழமை கூட்டத்துக்கு அறிவித்தல் எழுத உட்கார்ந்தார். "பிள்ளையின்ர பேரையும் அண்டைக்கே கொண்டு வந்து பதிஞ்சுபோடு" என்று தலை நிமிராமல் சொன்னார்.

மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து ஆண்டியப்பன் நடந்ததை எல்லாம் சொன்னான். மீனம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் பிள்ளை துணியை உதைத்து உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"திங்கக்கெழம பேரு பதியச் சொன்னாரு" என்றான்.

மீனம்மாவின் சிரிப்பு நின்றது. பிள்ளையின் இரண்டு பாதங்களையும் ஒரு கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பையப் பதிஞ்சிக்கலாங்க, என்னா அவசரம்? தொரை வீட்டு நாயி மாதிரி இதுவும் கொஞ்ச நாளைக்கி மரியாதையா இருந்துட்டுப் போவட்டும்."